விளம்பரமும் வியதிரேகமும்



இணையத்தின் வழியே நடைபெறும் வாணிகத்தையும் அதற்கு உறுதுணையாக வளர்ந்துள்ள விளம்பர முறைகளையும் பற்றி இவ்வாண்டுச் சொற்பொழிவு அமைய வேண்டுமென்று இதனை நடத்தும் அறக்கட்டளையார் விரும்பினர். ஆறு வாரத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிபுணராக்கிவிடுவதாக உறுதி கூறும் தட்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் நிறையத் தொங்குகின்றன. அத்தகைய வித்தை எதனையும் இந்த ஒரு மணி நேரத்தில் நான் போதிக்கப் போவதில்லை. விளம்பரம் செய்தோம், சரக்கு விற்றது. விளம்பரம் செய்ததனால்தான் விற்றதா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, அதனை நம் காலத்து வணிகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர், பெரும்பாலும் எவ்வாறு எதிர்கொள்ளாமல் நழுவினர் என்பதையே விசாரிக்க எண்ணுகிறேன்.

இவ்விசாரணைக்குரிய கருவி நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு மடைப்பள்ளியையும், நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை என்பதற்கு நீர்நிலையையும் எடுத்துக்காட்டிய தர்க்க சாஸ்திரிகள், முன்னதை அன்வயம் என்றும் பின்னதை வியதிரேகம் என்றும் வழங்கினர். மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசிக்கும் அளவை விளக்கத்திலும் அன்னுவயம், வெதிரேகம் என இவை இடம்பெறுகின்றன. ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் உடனிருக்கிறது என்று காட்டுவது எளிது. அது இல்லாதபோது மற்றதும் இல்லாமற் போகிறதா என்று பார்ப்பதற்கோ, கையிலிருப்பதை ஒருமுறை நிறுத்திப் பார்க்கும் துணிவு வேண்டும். இணைய விளம்பரத்தின் முப்பது ஆண்டுச் சரித்திரம், அன்வயத்தைக் காட்டும் கருவிகள் ஆயிரக்கணக்கிற் பெருகியதும், வியதிரேகத்தைச் செய்து பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் நின்றுவிட்டதுமான சரித்திரம் என்பதே என் துணிபு.

பழைய காலத்து விளம்பரக்காரர்கள் இக்கேள்வியை அறியாதவர்களல்லர். 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கிய காசீநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிக்கு வந்தவர்களிடம் அதனை இலவசமாக வழங்கிப் பழக்கப்படுத்தினார். அவர்களுள் எத்தனை பேர் பிறகு காசு கொடுத்து வாங்கினர் என்று கணக்கெடுக்க அவருக்கு வழியில்லை. ஆனால் தபால் வழி வியாபாரம் செய்தவர்களுக்கு அவ்வழி இருந்தது. இந்தியத் தபால் இலாகா 1877-ல் ஏற்படுத்திய வி.பி.பி., அதாவது சரக்கு கைக்கு வரும்போது பணம் செலுத்தும் முறை, முகம் அறியாத வியாபாரியிடம் பணத்தை முன்னதாக அனுப்ப அஞ்சிய கிராமத்தாரையும் வாங்குவோர் ஆக்கிற்று. இன்று கேஷ் ஆன் டெலிவரி என்று புதுமைபோற் பேசப்படுவதற்கு அதுவே முன்னோடி. தபால் வழி வியாபாரமும் விளம்பர ஏஜென்சியும் நடத்திய அனுபவத்தோடுதான் எஸ். எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்பவர், பத்திரிகைக்குப் பத்திரிகை வெவ்வேறு அடையாளம் இட்ட கூப்பன்களை விளம்பரத்தோடு அச்சிட்டு, எந்த வாசகம் எத்தனை கூப்பன்களைத் திரும்பக் கொணர்ந்தது என்று எண்ணிப் பார்த்து, 1923-ல் வெளியிட்ட தம் நூலில் விளம்பரத்தை ஒரு விஞ்ஞானம் என்றே பிரகடனம் செய்தார்.

ஹாப்கின்ஸின் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை அவருடைய வாரிசுகள் கவனிக்கத் தவறினர். விளம்பரத்தின் வாயிலாக மட்டுமே அறியப்பட்டு, தபாலில் மட்டுமே விற்கப்பட்ட சரக்குக்கு, விளம்பரம் இல்லையேல் விற்பனையும் இல்லை. அங்கே வியதிரேகம் தானாகவே நிறைவேறிவிடுகிறது. ஏற்கெனவே பெயர் பெற்ற கடையின் விஷயத்திலோ அவ்வாறன்று. விளம்பரத்தைக் கண்டு வந்தவர், அதைக் காணாவிட்டாலும் வந்திருக்கக்கூடும்.

1994-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ல் ஹாட்வயர்டு என்னும் இணையப் பத்திரிகையில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வெளிவந்தது. பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதனைக் கிளிக் செய்தனர் என்று சொல்லப்படுகிறது. இன்றைய பட்டை விளம்பரங்களுக்கு நூற்றுக்கு ஒருவர் கிடைப்பதும் அரிது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி, ஒரு கணினி மறுபடியும் வரும்போது அதனை இன்னதென்று அடையாளம் காண உதவும் குக்கியை உருவாக்கினார். ஒருவர் எந்த விளம்பரத்தைக் கண்டார், பின்பு எதனை வாங்கினார் என்று முடிச்சுப் போடுவது இதனால் சாத்தியமாயிற்று. ஹாப்கின்ஸ் கத்தரிக்கோலும் தபால் தலையும் கொண்டு செய்ததை, இயந்திரம் ஒரு நொடியிற் கோடிக்கணக்கானோருக்குச் செய்யலாயிற்று.

இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பளிப்பது தேடுபொறியில் ஏற்பட்ட ஏலமுறை. கலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவர் 1998-ல் தொடங்கிய கோடூ என்னும் தேடுபொறியில், தேடுபவர் தட்டச்சிடும் ஒவ்வொரு சொல்லையும் ஏலத்திற் கோரலாம். தொழிலில் உள்ளோர் இச்சொல்லைக் கீவேர்டு என்கின்றனர். அதிகம் கேட்டவர் பெயர் முதலில் வரும். விளம்பரத்தைக் காட்டியதற்குப் பணமில்லை, யாரேனும் கிளிக் செய்தால் மட்டுமே பணம். பணம் கொடுத்து முதலிடம் பெறுவது அறிவுலகத்துக்கு இழுக்கு என்று பலர் முகஞ் சுளித்தனர். ஆயினும் பூ வேண்டுமென்று தேடுகிறவருக்குப் பூ விற்பவர் எதிர்ப்படுவதில், பத்திரிகையில் சிறுகதை படித்துக்கொண்டிருப்பவர்முன் பற்பொடி விளம்பரம் வந்து நிற்பதைவிட நியாயம் அதிகம் என்பதை மறுக்க இயலாது.

கோடூவின் ஏலத்தில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொருவரும் தாம் கேட்ட தொகையையே செலுத்த வேண்டும் என்று விதித்திருந்தமையால், இருவர் ஒரு சொல்லுக்குப் போட்டியிட்டால், ஒருவர் கேட்டதற்கு மேல் ஒரு காசு மற்றவர் வைப்பதும், அதற்கு மேல் ஒரு காசு முன்னவர் வைப்பதுமாக விலை ஏறி, இருவரில் வசதி குறைந்தவர் கட்டுப்படியாகாது என்று சலித்து அடித்தளத்துக்கு இறங்க, மற்றவரும் அவருக்கு ஒரு காசு மேலே வந்து நிற்க, மறுபடியும் ஏற்றம் தொடங்கும். இந்த வேலையை மனிதர்கள் செய்து மாளாதாகையால் அதற்கென்றே நிரல்கள் எழுதப்பட்டன. ஓவர்ச்சர் என்று பின்னர்ப் பெயர் மாறிய அந்நிறுவனத்தின் விலைப் படங்களைப் பொருளாதார ஆசிரியர்கள் வெளியிட்டபோது, அவை இரம்பத்தின் பற்களைப்போல் ஏறி இறங்கிக் காட்சியளித்தன.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் விளம்பரம் விற்கத் தொடங்கிய கூகுள், 2002 பிப்ரவரியில் இம்முறையை இரண்டு வகையில் திருத்தியது. வென்றவர் தாம் கேட்ட தொகையைச் செலுத்த வேண்டியதில்லை. தமக்கு அடுத்தவரைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு செலுத்தினாற் போதும். மேலும், கேட்ட தொகை மட்டுமன்றி, அவ்விளம்பரத்தை மக்கள் எத்தனை முறை விரும்பிக் கிளிக் செய்கின்றனர் என்பதும் பெருக்கிப் பார்க்கப்படும். ஒரு வியாபாரி ஒரு கிளிக்குக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொல்ல, அவர் விளம்பரத்தை நூறு பேரில் இருவரே கிளிக் செய்கின்றனர் என்று கொள்வோம். நூறு காட்சிக்கு இருபது ரூபாய் வருமானம். இன்னொருவர் ஆறு ரூபாய்தான் தருவார், ஆனால் நூற்றுக்கு ஐவர் கிளிக் செய்கின்றனர், முப்பது ரூபாய். எனவே ஆறு ரூபாய்க்காரரே முதலிடம் பெறுகிறார். அவர் செலுத்துவதோ, முன்னவரின் இருபது ரூபாயைத் தாண்டப் போதுமான நான்கு ரூபாயும் சிறிதளவுமே. பணம் மட்டுமுள்ளவனைப் பொருத்தமுள்ளவன் வெல்லும் இவ்வேற்பாட்டை, நம் காலத்து வாணிகப் புதுமைகளில் முதன்மையானதாக நான் மதிக்கிறேன்.

இரண்டாம் விலையைச் செலுத்தும் ஏலத்தின் சிறப்பை 1961-லேயே வில்லியம் விக்ரி என்னும் பொருளாதார அறிஞர் நிறுவியிருந்தார். 1996-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் காலமானார். தம் தத்துவத்தின் உறவுமுறை ஒன்று உலகமெங்கும் நொடிதோறும் நடைபெறப் போவதை அவர் காணவில்லை. உறவுமுறை என்று நான் சொல்வதற்குக் காரணம், பல இடங்களுக்கு ஒரே சமயத்தில் நடக்கும் கூகுளின் ஏலம் விக்ரியின் ஏலத்தோடு முற்றும் ஒத்ததன்று என்பதை எடல்மன் முதலிய மூவர் 2007-ல் விளக்கியிருப்பதே.

இத்துணை நேர்த்தியான சந்தையில் வாங்குகிறவன், தான் வாங்கும் சரக்கின் குணத்தை அறிந்து வாங்குகிறானா? இணையச் சந்தை நடத்தும் ஈபே நிறுவனத்தின் அனுபவம் இதற்கு விடை கூறுகிறது.

ஈபே கூகுளிலும் பிற தேடுபொறிகளிலும் கோடிக்கணக்கான கீவேர்டுகளை விலைக்கு வாங்கி வந்தது. விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்கள் வாங்கிய சரக்கின் மதிப்பை விளம்பரச் செலவோடு ஒப்பிட்டபோது, ஆதாயம் மிகப் பிரமாதமாகத் தெரிந்தது; வழக்கமான புள்ளியியல் முறை, நூறு டாலர் செலவுக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் ஆதாயம் என்று காட்டியது. அங்கே ஆராய்ச்சியாளர்களாக இருந்த தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடேலிஸ் ஆகிய மூவருக்கும் இக்கணக்கில் சந்தேகம் பிறந்தது. ‘ஈபே’ என்ற பெயரையே தட்டச்சிட்டுத் தேடுகிறவர் ஈபேக்கு வரத்தானே புறப்பட்டார்? அவருக்கு முன்னால் ஈபேயின் விளம்பரம் ஒன்றும், அதன் கீழேயே ஈபேயின் இலவச முகவரியும் தோன்ற, அவர் மேலே இருப்பதைக் கிளிக் செய்கிறார்; அதற்கு ஈபே பணம் செலுத்துகிறது.

2012 மார்ச்சில் யாஹூ, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தேடுபொறிகளில் தன் பெயருக்கான விளம்பரத்தை ஈபே நிறுத்திற்று. கூகுளில் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்தது. நிறுத்தியதால் இழக்கப்பட்ட கிளிக்குகளில் 99.5 விழுக்காடு, இலவச முகவரியின் வழியே அப்படியே வந்து சேர்ந்தன. பெயரை விட்டு, காலணி, கைக்கடிகாரம் போன்ற பொதுச் சொற்களின் விஷயம் என்ன என்று அடுத்துப் பார்த்தனர். அமெரிக்க நாடு 210 தொலைக்காட்சி வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, அங்கே மட்டும் கூகுள் விளம்பரத்தை ஏறத்தாழ இரண்டு மாதம் நிறுத்தினர். விற்பனையில் ஏற்பட்ட வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு; அதுவும் பூஜ்யத்தினின்று பிரித்தறிய இயலாத அளவு. நாலாயிரம் டாலர் ஆதாயம் என்று கண்டிருந்த இடத்தில், செலவிட்ட நூறு டாலரில் சுமார் 63 டாலர் நஷ்டம் என்று முடிந்தது. எகனாமெட்ரிகா பத்திரிகையில் 2015-ல் அச்சான இவ்வாராய்ச்சியை, வாணிக இயல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன்.

அவ்வாராய்ச்சியிற் பலர் கவனியாது விடும் பகுதி ஒன்றுண்டு. விளம்பரம் எல்லோரிடத்தும் பயனற்றுப் போகவில்லை. ஈபேயில் இதுவரை எதுவும் வாங்காதவர்களும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையே வாங்குபவர்களும், விளம்பரத்தைக் கண்டபோது கூடுதலாக வாங்கினர். அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளரிடத்தில்தான் அது எவ்வித மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. விளம்பரச் செலவின் பெரும்பகுதியோ அவர்களுடைய கிளிக்குகளுக்கே சென்றுகொண்டிருந்தது. அறியாதவனுக்கு அறிவிப்பதே விளம்பரத்தின் பயன். இயந்திரமோ, அதிகம் வாங்கக்கூடியவன் யாரென்று தேடித் தேடி, முன்பே அறிந்தவனிடம் போய் நிற்கிறது.

இத்தகைய சோதனை ஏன் நாள்தோறும் நடைபெறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பல விளம்பர ஏஜென்சிகளின் ஊதியம் செலவின் அளவைப் பொறுத்தது. நிறுவனத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும் விளம்பர அதிகாரியின் அந்தஸ்தும் அவர் கையாளும் பட்ஜெட்டைப் பொறுத்தது. சோதனை செய்து, தம் இலாகா பத்தாண்டுகளாகச் செலவிட்டது வீண் என்று நிரூபித்துக் காட்டுவதற்கு எந்த மனிதனுக்கு உற்சாகம் பிறக்கும்? 2017-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட டிஜிட்டல் விளம்பரச் செலவைக் குறைத்து, விற்பனையில் அதனால் பெரிய பாதகம் ஒன்றும் காணவில்லை என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே அச்செய்தியைப் பகிரங்கமாகச் சொன்னது அதிசயமென்று எல்லோரும் பேசிக்கொண்டதிலிருந்து, மற்றவர்கள் எவ்வளவு மௌனமாக இருந்தனர் என்பது விளங்கும்.

ஈபேயின் பாடத்தை அப்படியே எல்லோரும் மேற்கொள்வதும் தவறு. தன் பெயருக்கு விளம்பரம் நிறுத்திய இடத்தில் போட்டியாளர் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? பிங் தேடுபொறியில் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று, போட்டியாளர் இல்லாதபோது சொந்தப் பெயருக்குச் செய்யும் விளம்பரம் பெரும்பாலும் வீணென்றும், போட்டியாளர் வந்து நிற்கும்போது வாடிக்கையாளரிற் கணிசமான பகுதியினர் திசைதிரும்புகின்றனர் என்றும் கண்டது. இந்தத் தகராறு நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்ததுண்டு. முருகவேல் ஜானகிராமன் நிறுவிய பாரத் மேட்ரிமோனியை நடத்திவந்த கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகக் குறிகளைத் தட்டச்சிட்டுத் தேடுவோருக்குப் பிற திருமணத் தகவல் தளங்களின் விளம்பரங்களைக் காட்டுவதாகக் கூறி, கூகுள் மீதும் அத்தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010-ல் தனி நீதிபதி, இச்சொற்கள் தொழிலின் தன்மையையே விவரிக்கும் பொதுச் சொற்கள் என்று கருதி, இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். தொழிலின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவனுக்குத் தேடுபவர் எளிதில் கிட்டுவர். ஆனால் அதே பெயர் ஊரார் சொத்துமாகும் என்ற இரட்டை நிலையை, புதிதாகக் கடை தொடங்குவோர் பெயர் சூட்டும் நாளிலேயே ஆலோசிப்பது நலம்.

பெயர் தெரியாதவனின் நிலைமை வேறு. 2010-ல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கான மென்பொருளை உலகமெங்குமுள்ள சிறு நிறுவனங்களுக்கு இணையத்தின் வழியே விற்க முற்பட்டது. அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு பள்ளி. சென்னையிலிருந்து ஒரு பிரதிநிதி விமானமேறிச் சென்று அப்பள்ளியின் கதவைத் தட்டியிருந்தால், அந்தப் பயணச் செலவே அக்கணக்கின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கியிருக்கும். பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. உலகத்தார் எவருக்கும் தெரியாத ஒரு பெயர் தேடுபவர் கண்ணிற் படுவதற்குச் செய்யும் செலவும், ஈபே தன் பெயருக்குச் செய்த செலவும் கணக்கேட்டில் ஒரே பத்தியில் எழுதப்படுகின்றன என்பதற்காக, அவற்றை ஒரே ஜாதியைச் சேர்ந்தவை என்று கருதலாகாது.

சிறு வியாபாரிக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் ஆகிய இருவர், 25 பெரிய விளம்பரச் சோதனைகளைப் பரிசீலித்து, பல இலட்சம் பேரிடம் நடத்திய சோதனையிற் கூட லாப நஷ்டத்தைத் திட்டமாகச் சொல்ல முடியாமற் போவதே இயல்பு என்று காட்டினர். ஒரு மனிதன் ஒரு மாதத்தில் வாங்குவதும் வாங்காததும் மழை, சம்பள நாள், வீட்டு விசேஷம் என எத்தனையோ காரணங்களால் மாறுவது. அவ்வேற்ற இறக்கத்துக்கிடையே ஒரு விளம்பரம் உண்டாக்கும் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மாதம் நாற்பது புடவை விற்கும் ஓர் இணையக் கடை, விளம்பரத்தை நிறுத்திய மாதத்தில் முப்பத்தைந்து விற்றால், அதிலிருந்து எதனையும் அனுமானிக்க இடமில்லை. சொந்தப் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்ப்பது, பழைய வாடிக்கையாளருக்கு விளம்பரம் காட்டாமல் விலக்குவது போன்ற பெரிய மாறுதல்களைத்தான் அத்தகைய கடைக்காரர் சோதிக்க வேண்டும். பொத்தான் பச்சையா சிவப்பா என்ற சோதனையைக் கோடி பேர் வரும் தளங்களுக்கு விட்டுவிடலாம்.

2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், ஒரு செயலி தன்னைப் பயன்படுத்துவோரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் முதலில் அவர் அனுமதியைக் கேட்டாக வேண்டும் என்று விதித்தது, பெரும்பாலோர் மறுத்தனர். இதனால் 2022-ல் தனக்கு ஏறத்தாழ 1000 கோடி டாலர் வருமானம் குறையுமென்று மெட்டா நிறுவனம் தெரிவித்தது. விளம்பரத்தையும் விற்பனையையும் முடிச்சுப் போட்ட நூல் இவ்வாறு அறுபட்ட பின்னரே, வட்டாரம் வட்டாரமாக விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கும் பழைய சோதனைக்குப் புதிய மதிப்புப் பிறந்திருக்கிறது. மெட்டாவே அதற்கான நிரலை இலவசமாக வழங்குகிறது. கூகுளும் தன் விளம்பரத்தைத் தானே சோதித்துக் காட்டும் வசதியைத் தருகிறது. இவை பயன்படத்தக்கவையே. ஆயினும், சரக்கு விற்பவனே தராசையும் பிடித்துக்கொண்டிருப்பதை நம் கிராமத்துச் சந்தையிற் கூட யாரும் கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

ஈபேயின் ஆராய்ச்சி நடந்தேறியதற்குக் காரணம், எந்த வட்டாரத்தில் எந்த நாளில் எவ்வளவு விற்றது என்ற கணக்கு தேடுபொறியிடம் இல்லாமல் ஈபேயினிடமே இருந்ததுதான். நம் ஊரில் இணையக் கடை நடத்துவோரிற் பலர், தம் விற்பனையையே விளம்பரம் விற்பவரின் திரையிற் பார்த்துத் தெரிந்துகொள்கின்றனர். பின்கோடு வாரியாகவும், நாள் வாரியாகவும், புதியவர் பழையவர் என்று பிரித்தும் ஒரு பேரேட்டைத் தம்மிடமே எழுதிவைத்துக்கொண்ட பிறகு, போதிய விற்பனை உள்ள கடைக்காரர், மதுரையில் ஒரு மாதம் விளம்பரத்தை நிறுத்தி, கோயம்புத்தூரில் தொடர்ந்து, இரண்டையும் முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறு மாதம் ஊர்களை மாற்றிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்திய மாதத்தை மட்டும் அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்போது இரண்டு ஊர்களிலும் மக்கள் நம் விளம்பரத்துக்காகக் காத்திருப்பதில்லை.